நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள்

ஒரு கிறிஸ்தவர் வாழ்க்கையில் பெறும் முதல் சிலுவை அடையாளத்தை அவரே போட்டுக்கொள்வதில்லை. இன்னொருவர் போட்டுவிடுகிறார். ஞானஸ்நானச் சடங்கின் தொடக்கத்தில், தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு வெகு முன்பே, குருவானவர் குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைகிறார். பிறகு பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் வரையச் சொல்கிறார். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் அழுதுகொண்டிருக்கும். என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் இந்தப் பிள்ளை கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்று கூடியிருக்கும் எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது.

சிலுவை அடையாளத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். மலேசியாவின் கெடா மாநிலத்தின் தெற்கே, பாடாங் செராய் வட்டாரத்தில், பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். முதன்முறை நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கை தன்னால் போகும். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று எல்லாம் சரியாக இருக்கும். எதற்கு என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். "செபம் ஆரம்பிக்கிறதுக்கு டீச்சர்" என்று ஒருவன் சொல்வான். "பேய் வராம இருக்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அவனுக்கு அந்தப் பதில் அவன் பாட்டியிடமிருந்து வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

இன்று எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் செம்பனை. என் சின்ன வயதில் அது கித்தா காடு, அதாவது ரப்பர் தோட்டம். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மரவரிசையான நிரைக்குப் போவார்கள். இருட்டில் பாம்பு கிடக்கும், காட்டுப்பன்றி வரும். புதைகாட்டை ஒட்டிய நிரை கிடைத்தால் அன்று முழுக்க ஒரு கலக்கம். என் பாட்டி, நாங்கள் ஆயா என்போம், முதல் மரத்தின் முன்னால் நின்று, பால் வெட்டும் உளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் சிலுவை போட்ட பிறகுதான் பட்டையில் கை வைப்பார். வாய் மெதுவாக அந்தப் பழைய செபத்தைச் சொல்லும்: "அர்ச்சிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே எங்கள் சத்துருக்களிடமிருந்து எங்களை இரட்சித்தருளும் எங்கள் சர்வேசுரா." பக்கத்து நிரையில் முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டு வெட்டத் தொடங்கும் அத்தை இருப்பார். இருவருக்கும் பயம் ஒன்றுதான்.

ஆகவே பாதுகாப்புக்காகச் சிலுவை போடுவதை நான் குறைவாகப் பேச மாட்டேன். செபமே எங்களைக் காப்பாற்றும் என்றுதானே கேட்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அது கழுத்தில் கட்டும் தாயத்தாகிவிடும். போட்டேன், ஒன்றும் ஆகக்கூடாது. ஆகிவிட்டது, அப்படியானால் இது பலிக்கவில்லை. இந்தக் கணக்கு நம்மில் பலருக்குள் ஓடுகிறது. யாருடைய அடையாளத்தைப் போடுகிறோம் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிலுவையிலிருந்து காப்பாற்றப்படாதவருடைய அடையாளம் இது. கெத்சமனித் தோட்டத்தில் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று அவரும் கேட்டார். நீங்கவில்லை. அந்த மரத்தின் வடிவத்தை உடம்பில் வரைந்துகொண்டு, எனக்கு எந்தத் துன்பமும் வராது என்று எப்படி நினைக்க முடியும்? என்ன வந்தாலும் நான் உன்னுடையவள், உன்னைவிட்டுப் போகமாட்டேன் என்று சொல்லத்தான் முடியும். அதைச் சொல்லிவிட்டு, பாம்பிடமிருந்தும் காப்பாற்று என்று கேட்கலாம், தப்பே இல்லை.

ஆதிக் கிறிஸ்தவர்கள் இதைச் சொந்தம் என்ற பொருளில்தான் எடுத்துக்கொண்டார்கள். விவிலியத்தின் எசேக்கியேல் நூல் 9ஆம் அதிகாரத்தில், எருசலேமில் நடக்கும் அக்கிரமத்தைக் கண்டு பெருமூச்சு விட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் இடும்படி கடவுள் சொல்கிறார். எபிரேய மூலத்தில் அந்த அடையாளம் 'தௌ' என்ற கடைசி எழுத்து. பழைய எபிரேய எழுத்துமுறையில் அதைச் சிலுவைபோலத்தான் எழுதுவார்கள். திருவெளிப்பாட்டிலும் கடவுளின் ஊழியர்களுக்கு நெற்றியில்தான் முத்திரை. சுமார் 211ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார்: வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும், உடுத்தும்போதும், செருப்பு மாட்டும்போதும், குளிக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும், விளக்கேற்றும்போதும், படுக்கும்போதும் நாங்கள் நெற்றியில் இந்த அடையாளத்தை வரைகிறோம் என்று. செருப்பு மாட்டும்போது என்ற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் காலத்தில் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி கோயில் கட்டடங்கள் இல்லை. இருந்ததெல்லாம் வீடும் தெருவும் தங்கள் உடம்பும்தான்.

அப்போது அது நெற்றியில் கட்டைவிரலால் வரைந்த சின்னச் சிலுவை. நெற்றி முதல் தோள் வரை போகும் பெரிய சிலுவை பிற்காலத்தில் வந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னாளில் பாப்பரசரான மூன்றாம் இன்னசென்ட் எழுதிய விளக்கத்தில், கிறிஸ்து விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கியதால் கை மேலிருந்து கீழே வருகிறது என்கிறார். அந்தக் காலத்தில் வலமிருந்து இடம் போவது வழக்கம். சிலர் இடமிருந்து வலம் போகிறார்கள், அது துன்பத்திலிருந்து மகிமைக்குப் போவதைக் குறிக்கும் என்றும் குறித்துவைத்திருக்கிறார். கத்தோலிக்கர் இடமிருந்து வலம் என்று நிலைத்துவிட்டோம், கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் இன்றும் வலமிருந்து இடம். ரஷ்யாவில் 1653இல் அங்குள்ள திருச்சபைத் தலைவரான மறைமுதுவர் நிக்கோன் இரண்டு விரலால் போட்டதை மாற்றி மூன்று விரலால் போடச் சொன்னார். மக்கள் பிளந்தார்கள். பழைய முறையை விடமாட்டோம் என்றவர்களுக்குத் தலைவரான அவ்வாக்கும் என்ற குரு 1682இல் உயிரோடு எரிக்கப்பட்டார். அந்தப் பிரிவினர்மேல் விதித்த சாபத்தை மாஸ்கோ திருச்சபை 1971இல்தான் நீக்கியது. எத்தனை விரல் என்பதற்காக ஒரு மனிதரை எரித்தவர்கள் அதே கையால் மறுநாள் காலையில் சிலுவை போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. இதற்குமேல் விரல்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

தமிழுக்கு வருவோம். 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, செபங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்த வரிசையைச் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்துக்கும் முன்னால், பத்துக் கட்டளைகளுக்கும் முன்னால், பரலோக மந்திரத்துக்கும் முன்னால், முதலில் வந்தது சிலுவை அடையாளம் போடும் முறை. மூவர், ஆனால் ஒரே கடவுள் என்று அறிக்கையிட்டுக்கொண்டு அதைப் போட வேண்டும். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். எண்ணிப் பாருங்கள்: படகுத் துறையில் நிற்கும் பிள்ளைகளுக்கு மூவொரு கடவுளைப் பற்றி வேறு எப்படித் தொடங்குவது? கிறிஸ்தவ விசுவாசத்தின் இரண்டு பெரிய மறைபொருள்கள் ஒன்று திரித்துவம், மற்றொன்று சிலுவைச் சாவு. "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று வாய் ஒன்றைச் சொல்கிறது, கை மற்றொன்றை வரைகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அரை நிமிடத்தில் இரண்டையும் அறிக்கையிட்டுவிடலாம்.

அதே சவேரியார் 1545இல் எங்கள் நாட்டின் மலாக்காவுக்கு வந்தார். சீனக் கரையோரத் தீவில் இறந்த பின், 1553இல் அவர் உடல் மலாக்காக் குன்றின் மேலுள்ள கோயிலில் பல மாதங்கள் இருந்து, அப்புறம்தான் கோவாவுக்குப் போனது. எங்கள் மூதாதையர் கித்தா மரம் வெட்டக் கப்பலேறி வந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர்கள் கொண்டுவந்த தகரப்பெட்டியில் அதிகம் ஒன்றும் இருந்திருக்காது. செபங்களைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. கையில் சிலுவை இருந்தது. தோட்டத்தில் மாதத்துக்கு ஒருமுறை சாமியார், அதாவது குருவானவர், வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் செபம் சொல்லித்தரும் உபதேசியார் ஒருவர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் செபமாலை சொல்லிவைப்பார். அந்த நாட்களில் விசுவாசத்தைக் காப்பாற்றியது யார் என்றால், பள்ளிக்குப் போகும் பிள்ளையை வாசலில் நிறுத்தி நெற்றியில் கட்டைவிரலை வைத்த அம்மாக்களும் ஆயாக்களும்தான் என்பேன்.

இனி தோளுக்கு வருகிறேன். மறைக்கல்விப் புத்தகங்கள் நெற்றிக்கு அறிவு, நெஞ்சுக்கு அன்பு, தோளுக்கு வலிமை என்று சொல்லிவிட்டுப் போகும். எனக்கு என் ஆயாவின் தோள் ஞாபகம் வரும். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலும் சரிவிலும் ஸ்டோர்வரை நடந்து நடந்து, கம்பு உட்காரும் இடத்தில் தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த இடம் என் விரலுக்கு மரப்பட்டைபோலத் தெரியும். ஆயா சிலுவை போடும்போது விரல்கள் சரியாக அங்கே போய்த் தொடும். லூக்கா 9:23இல் இயேசு சொல்கிறார்: "என்னைப் பின்பற்ற விரும்பும் எவரும் தன்னலம் துறந்து, தம் சிலுவையை நாள்தோறும் தூக்கிக்கொண்டு என்னைப் பின்பற்றட்டும்." மத்தேயுவிலும் மாற்குவிலும் இதே வாக்கு உண்டு, ஆனால் 'நாள்தோறும்' என்பது லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது. தினச் சம்பளத்துக்கு உழைத்தவர்களுக்கு அந்த வார்த்தையை யாரும் விளக்கத் தேவையில்லை. சிலுவையைத் தூக்குவது தோளால்தான். கை அங்கே போய்த் தொடும்போது, இன்றைக்கும் தூக்குகிறேன் என்று ஒப்புக்கொள்கிறோம். தாங்கும் வலிமையைத் தா என்று ஆவியானவரின் பெயரையும் அங்கேதான் சொல்கிறோம்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அநியாயத்தைச் சகித்துக்கொள், அதுதான் உன் சிலுவை என்று கூலி மக்களிடம் சொல்லிவைத்தவர்களும் உண்டு. குறைந்த கூலியும் ஒழுகும் கூரையும் கடவுள் கொடுத்த சிலுவை ஆகாது, மனிதர் செய்தது அது. கிறிஸ்து தூக்கிய சிலுவை மற்றவர்களுக்காகத் தூக்கியது. ஆயா பாரம் சுமந்தது என் அம்மா பள்ளிக்குப் போக வேண்டும் என்பதற்காக. அந்தச் சுமையைச் சிலுவை என்று சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அடுத்தது வெட்கம். இதைப் பற்றி இளைஞர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் கேன்டீனில் சாப்பிடும்முன் சிலுவை போடுவதில்லை. போட்டாலும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற மாதிரி நெஞ்சுக்கு நேரே சின்னதாக ஓர் அசைவு. ஏன் என்றால், "எல்லாரும் பாக்கறாங்க டீச்சர்." அதே மேசையில் மலாய்க்கார நண்பர் இரண்டு கையையும் விரித்துத் துஆ ஓதிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண் நெற்றியில் திருநீறோடு வந்திருக்கிறாள். அவர்களை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. சொல்லப்போனால் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடுகிறவனை மதிக்கிற நாடு இது. நம் பிள்ளைகள் மட்டும் ஏன் மேசைக்கடியில் ஒளிய வேண்டும்?

இந்த வெட்கம் புதிது கிடையாது. ரோமாபுரியின் பலத்தீன் குன்றில் 1857இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையில் தொங்கும் உருவத்துக்குக் கழுதைத் தலை. பக்கத்தில் ஒருவன் கையைத் தூக்கி வணங்குகிறான். கீழே கிரேக்கத்தில், அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று எழுதியிருக்கிறது. சிலுவைச் சாவைக் காட்டும் படங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று இந்தக் கேலிச் சித்திரம். அலெக்சமெனோஸ் யார், என்ன ஆனான் என்று எதுவும் இல்லை. ஆனால் அவன் மறைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் கேலிக்கு ஆளானான். 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் புனித சிரில், ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களிடம் சொன்னதும் இதுதான்: சிலுவையில் அறையப்பட்டவரை அறிக்கையிட வெட்கப்படாதீர்கள், நெற்றியிலும், உண்ணும் அப்பத்தின்மேலும், குடிக்கும் கிண்ணத்தின்மேலும், வரும்போதும் போகும்போதும் துணிவோடு சிலுவையை வரையுங்கள்.

சரி, அப்படியானால் இது ஊருக்குக் காட்டுவதாக ஆகிவிடாதா? நல்ல கேள்வி. திருச்சபையே அந்தக் கேள்வியை ஆண்டுக்கொரு முறை நம் முன்னால் வைக்கிறது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று வாசிக்கும் நற்செய்தி மத்தேயு 6. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், மனிதர் பார்க்க வேண்டும் என்று எதையும் செய்யாதே என்கிறார் இயேசு. வாசித்து முடித்த கையோடு வரிசையில் போய், நெற்றியில் சாம்பலால் சிலுவை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். போன ஆண்டு குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த தென்னங்குருத்தை, சிலுவையாக மடித்து வீட்டு நிலைக்கு மேல் செருகியிருந்ததை, வாங்கி எரித்த சாம்பல் அது. முன்பெல்லாம் தோட்டத்தில் அன்று சாயங்காலம் லயத்துப் பிள்ளைகள் எல்லார் நெற்றியிலும் ஏதோ ஒரு நீறு இருக்கும். "உங்களுக்கும் இன்னைக்கு விபூதியா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பார். வாசித்ததற்கும் செய்வதற்கும் முரண்பாடு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் நோன்பாளி, நான் நல்லவள் என்று அந்தச் சாம்பல் சொல்வதில்லை. நீ மண், மண்ணுக்குத் திரும்புவாய் என்கிறது, மனம் மாறு என்கிறது. பாவி என்று நெற்றியில் எழுதிக்கொண்டு போகிறவருக்குப் பெருமை எங்கிருந்து வரும்? சாப்பாட்டு மேசையில் போடும் சிலுவையும் அதே மாதிரிதான். நன்றி சொல்லக் கடன்பட்டவள் என்று காட்டிக்கொள்வதில் வெட்கத்துக்கும் இடமில்லை, பெருமைக்கும் இடமில்லை.

ஆயாவுக்குக் கடைசிக் காலத்தில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மாலையில் செபமாலை தொடங்கும் நேரத்துக்கு, இடது கையால் வலது கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோகப் பார்ப்பார். இடது கையாலேயே போடுங்கள் ஆயா, ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று சொன்னோம். கேட்கவில்லை. பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் செயலற்ற கையைப் பிடித்து, நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் வைத்து எடுப்பார். சில மாதங்களில் அதற்கும் முடியாமல் போனது. அப்போது அம்மா கட்டைவிரலால் ஆயாவின் நெற்றியில் வரைந்தார், ஆயா கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ வரைந்த மாதிரியே. நோயில் பூசுதலுக்கு வந்த பாதரும் அதே நெற்றியில்தான் எண்ணெய் பூசினார். இடையில் எத்தனையோ ஆண்டுகள் ஆயா தானாகவே போட்டுக்கொண்ட சிலுவைகள். முதலும் கடைசியும் மற்றவர் கையால்.

இதை நேரில் பார்த்த பிறகு, சிலுவை அடையாளம் ஒருவர் தனியாகச் செய்யும் பக்தி முயற்சி என்று என்னால் நினைக்க முடியவில்லை. நமக்கு யாரோ கொடுத்தார்கள், நாம் யாருக்கோ கொடுக்க வேண்டும். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி எங்கள் சிற்றாலயம் மூடியிருந்தபோது வீடுகளில் நடந்ததும் இதுதான். கைப்பேசியில் திருப்பலி பார்த்தோம். நற்கருணை இல்லை, தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நெற்றியில் வரைந்துவிடும் பழக்கம் பல வீடுகளில் அப்போதுதான் திரும்பி வந்தது. அதற்கு ஆலயம் திறந்திருக்க வேண்டியதில்லை, குருவானவரும் வேண்டியதில்லை. பெற்றவருக்குப் பிள்ளையை ஆசீர்வதிக்கும் உரிமை ஞானஸ்நானத்திலேயே இருக்கிறது.

இன்று செம்பனைக் குலை அறுக்க வருகிறவர்களில் இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவுக் கத்தோலிக்கர் உண்டு. தமிழ்த் திருப்பலிக்கு வருவார்கள், பிரசங்கத்தில் ஒரு சொல்லும் புரியாது. ஆனால் தொடக்கத்தில் குருவானவர் கையை உயர்த்தியதும் "டாலாம் நாமா பாப்பா டான் புத்ரா டான் ரோ குடுஸ்" என்று அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டு எங்களோடு சேர்ந்து போடுவார்கள். ஜூலை 26க்குப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போனாலும் அப்படித்தான். தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என்று ஆளுக்கொரு மொழி. கைகள் ஒரே வழியில் போகும்.

கிறிஸ்தவர் எல்லாரும் போடுவதில்லை என்பதும் உண்மை. எங்கள் குடியிருப்பான தாமானில் பக்கத்து வீட்டு அக்கா லுத்தரன் சபை. "சிலுவை போடறது உங்க ரோமன் கத்தோலிக்க வழக்கம்தானே" என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சபைக்கு மூலவரான லூத்தர் 1529இல் எழுதிய சின்ன ஞானோபதேசத்தில் காலையில் எழுந்ததும், இரவில் படுக்கும்போதும் சிலுவை அடையாளம் போட்டுப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல் என்றுதான் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அக்கா நம்பவில்லை. "பாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார்.

அவர் பேரனுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தொடங்கிய காலை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பையன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். அக்கா பின்னாலேயே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, நெற்றியில் முடியை ஒதுக்கிவிட்டு, நிதானமாக ஒரு சிலுவை வரைந்து அனுப்பினார்.

"பாஸ்டர் என்ன சொன்னாரு அக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் கேக்கவே இல்ல" என்றார். "என் பேரன் நெத்தி, என் கட்டைவிரல். இதுக்கு எதுக்குத் தங்கச்சி பாஸ்டர்?"